கஞ்சா மருந்தாகுமா? நோயாளி வீட்டார் அறிய வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, மஃக்ரிப் தொழுகை முடிந்து மதரஸா பிள்ளைகள் ஓதத் தொடங்கியிருந்த நேரம். சேரங்கோடு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஒரு சகோதரி தம் மாமியாருடன் நம்மைத் தேடி வந்தார். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு சிறு புட்டி.

"ஹஜ்ரத், மகனுக்கு ஆறு வயசு. அடிக்கடி ஃபிட்ஸ் வருது. மாத்திரை கொடுத்தும் நிக்கல. சொந்தக்காரர் ஒருத்தர் இந்த எண்ணெயை வரவழைச்சுக் கொடுத்தார். கஞ்சாவிலிருந்து எடுத்ததாம். இதைக் கொடுத்தா மாத்திரையே வேணாம்ங்கிறார். கொடுக்கலாமா? ஹராமா?"

அந்தத் தாய் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருந்தன. இது நோயைக் குணப்படுத்துமா? சட்டம் என்ன சொல்கிறது? மார்க்கம் என்ன சொல்கிறது? முதல் கேள்விக்கு விடை தெரியாமல் மூன்றாவதற்குப் பதில் சொல்வது ஆலிம்களுக்கு அழகல்ல. ஆகவே சில நாட்கள் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றக் குடும்பங்களுக்காகவும் இங்கே எழுதுகிறோம்.

பட்டையும் மருந்தும்

நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்க எளிய உதாரணம் ஒன்று உண்டு. கூடலூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் வழியில் நடுவட்டம் இருக்கிறது. 1860களில் ஆங்கிலேயர் இந்த மலைகளில் சிங்கோனா மரங்களை நட்டார்கள். அதன் பட்டையிலிருந்து மலேரியாவுக்கான கொய்னா மருந்தை நடுவட்டத்துத் தொழிற்சாலையில் தயாரித்தார்கள். பட்டைக்குள் இருந்த குயினைன் என்ற பொருளைத் தனியே பிரித்தெடுக்க 1820ஆம் ஆண்டிலேயே பிரான்சில் வழி கண்டிருந்தார்கள். அதன்பின்தான் இத்தனை வயதுக்கு, இத்தனை எடைக்கு, இவ்வளவு என்று அளந்து கொடுக்க முடிந்தது. காய்ச்சல் வந்தவர் மரப்பட்டையைக் கடித்துத் தின்னட்டும் என்று இன்று யாரும் சொல்வதில்லை.

கஞ்சாச் செடியும் அப்படித்தான். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டு வேதிப்பொருட்கள் உள்ளன. அவற்றில் இரண்டை நாம் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று டி.எச்.சி. போதை தருவது இதுதான். மற்றொன்று சி.பி.டி. இது போதை தருவதில்லை. ஒரே செடியில் இருந்தாலும் இரண்டின் வேலையும் வேறு. "கஞ்சா மருந்து" என்று யாராவது சொன்னால், எந்தப் பொருள், எந்த நோய்க்கு, எவ்வளவு என்று நாம் உடனே கேட்க வேண்டும். இம்மூன்றுக்கும் விடை இல்லாவிட்டால் அது வெறும் பேச்சு.

கல்கத்தாவில் தொடங்கிய கதை

இந்தச் செடியை நவீன மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தியது நம் நாடுதான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வில்லியம் புரூக் ஓஷானெசி என்ற ஐரிஷ் மருத்துவர், இந்நாட்டு வைத்தியர்களிடம் கேட்டறிந்து, முதலில் விலங்குகளிடமும் பிறகு நோயாளிகளிடமும் சோதித்து, 1839இல் தம் ஆய்வை வெளியிட்டார். மூட்டுவலி, காலரா, டெட்டனஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறந்து சில வாரங்களே ஆன ஒரு குழந்தையின் வலிப்புக்கும் கொடுத்தார். அதன்பின் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் கஞ்சாச் சாறு பல காலம் விற்பனையானது.

பிறகு ஏன் வழக்கொழிந்தது? ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் அதன் வீரியம் மாறியது ஒரு முக்கியக் காரணம். ஒரு புட்டியில் வேலை செய்த அளவு மறு புட்டியில் வேலை செய்யவில்லை, அல்லது அளவு மிஞ்சியது. அன்றைக்கு அளக்க வழியில்லை. 1960களில்தான் விஞ்ஞானிகள் சி.பி.டி.யின் அமைப்பையும் டி.எச்.சி.யையும் தெளிவாகக் கண்டறிந்தார்கள்.

நிரூபணமானவை எவை?

வலிப்பு: 2018 ஜூன் மாதம், தூய சி.பி.டி.யால் ஆன எபிடியோலெக்ஸ் என்ற மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி அளித்தது. எல்லா வலிப்புக்கும் அல்ல. ட்ராவெட், லெனாக்ஸ்-கஸ்டோ என்ற, குழந்தைப் பருவத்தில் தொடங்கும் இரு அரிய, கடுமையான வலிப்பு நோய்களுக்கு மட்டும். 2020இல் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மற்றொரு நோயும் சேர்ந்தது. 2017இல் வெளியான ட்ராவெட் ஆய்வில் 120 பேர் பங்கேற்றார்கள். மாதம் சுமார் 12 ஆக இருந்த கடும் வலிப்புகள் சி.பி.டி. எடுத்தவர்களிடம் சுமார் 6 ஆகக் குறைந்தன. வெற்று மருந்து எடுத்தவர்களிடம் 15இலிருந்து 14 ஆனது. நல்ல பலன்தான். ஆனால் அவர்கள் யாரும் பழைய மாத்திரைகளை நிறுத்திவிட்டு இதை எடுக்கவில்லை. அவற்றோடு சேர்த்தே எடுத்தார்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சையின் வாந்தி: டி.எச்.சி. போன்றே ஆய்வகத்தில் செய்யப்பட்ட ட்ரோனபினால், நபிலோன் மாத்திரைகளுக்கு 1985இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மற்ற மருந்துகள் பலன் தராதபோது கொடுப்பவை இவை. புற்றுநோயைக் குணப்படுத்துவதற்காகக் கொடுக்கப்படுபவை அல்ல. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் புற்றுச் செல்கள் அழிந்ததை வைத்து "கேன்சருக்குக் கஞ்சா எண்ணெய்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. மனிதர்களிடம் அது நிரூபணமாகவில்லை.

தசை இறுக்கம்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் கைகால் விறைத்துப் போகும். அதற்கு வாயில் தெளிக்கும் சேட்டிவெக்ஸ் மருந்தை 2010இல் பிரிட்டன் அனுமதித்தது.

நாள்பட்ட வலி: இதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2017இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை, பெரியவர்களின் வலிக்குப் பலன் இருப்பதாகச் சொன்னது. 2019இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ், நாள்பட்ட வலிக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றது.

கண் நீர் அழுத்தம்: டி.எச்.சி. அழுத்தத்தைக் குறைப்பது உண்மை. சில மணி நேரமே அது நிற்கிறது. நாள் முழுக்கப் போதையில் இருந்தால்தான் கண்ணைக் காக்கலாம் என்றால் அது சிகிச்சையாகாது. கண் மருத்துவர்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

சர்க்கரை, ஆஸ்துமா, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று நீளும் மற்றப் பட்டியல்களுக்கு உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை.

தீங்கும் உண்டு. பலவகைப் போதைப் பொருட்களில் கஞ்சா சாதாரணமானது என்று நம் இளைஞர்கள் சிலர் நினைக்கிறார்கள். வீரியமிக்க கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதோரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 2019இல் ஐரோப்பாவின் பல நகரங்களில் நடந்த ஆய்வு காட்டியது. "மருந்துதானே" என்ற சொல்லை நண்பர்கள் கூட்டத்தில் கேட்டு வரும் மகனிடம் பெற்றோர் இதைப் பேச வேண்டும்.

அந்தப் புட்டியின் கணக்கு

அந்தச் சகோதரி கொண்டுவந்த புட்டி போல ஆன்லைனில் பல எண்ணெய்கள் விற்கின்றன. 2017இல் அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய 84 சி.பி.டி. பொருட்களைச் சோதித்தார்கள். சீட்டில் எழுதியிருந்த அளவு சரியாக இருந்தது 26இல் மட்டும். 18இல் போதை தரும் டி.எச்.சி.யும் இருந்தது.

மேலே சொன்ன ஆய்வில் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 20 மி.கி. கொடுத்தார்கள். 15 கிலோ குழந்தைக்கு 300 மி.கி. கடைப் புட்டியின் இரண்டு சொட்டில் அது வராது. அதிகம் கொடுத்தாலோ ஈரல் பாதிக்கலாம். வால்புரோயேட் என்ற பரவலான வலிப்பு மாத்திரை எடுப்போருக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே மருத்துவர் கூட்டிக் குறைக்க வேண்டிய மருந்து இது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து வேறு. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எண்ணெயை நம்பி மாத்திரையை நிறுத்துவதில்தான் பிள்ளையை இழக்க நேரிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, செடியின் பூக்கும் காய்க்கும் நுனிகள் கஞ்சா. பிசின் சரஸ். இவற்றை வைத்திருப்பதும் விற்பதும் கடத்துவதும் குற்றம். ஒரு கிலோவுக்குக் குறைவான கஞ்சாவுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் என்றால் 10 முதல் 20 ஆண்டு சிறை. அனுமதியின்றிச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை. சேரம்பாடி, தாளூர் வழியாகக் கேரளா போய்வரும் நமக்குச் சோதனைச் சாவடி புதிதல்ல. "நோய்க்காக வைத்திருந்தேன்" என்று அங்கே சொல்வது தப்பிக்கும் வழியாகாது.

இலை இந்தச் சட்டத்தின் கஞ்சா என்ற வரையறைக்குள் வராது. அதனால்தான் ஆயுஷ் உரிமத்தோடு 'விஜயா' என்ற பெயரில் சில தயாரிப்புகள் வருகின்றன. அவையும் மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் எடுக்க வேண்டியவை.

"ஐ.நா.வே தடையை நீக்கிவிட்டது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. 2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் 27க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தது. இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. மருத்துவ ஆய்வுக்கு வழி திறக்கவே அது. கட்டுப்பாட்டுப் பட்டியலில் கஞ்சா இன்றும் இருக்கிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

போதை தருவது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஹஷீஷின் தடை குறித்து ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் இமாம் ஸர்கஷீ (ரஹ்) தனி நூலே எழுதினார்கள். அதற்கு முன்பே மருந்தியல் மேதை இப்னுல் பைத்தார், எகிப்தில் இதை மிகுதியாக உண்போரின் புத்தி பேதலிப்பதைப் பதிவு செய்தார்.

அதே சமயம் நம் ஃபுகஹாக்கள் நோயாளியை மறக்கவில்லை. அழுகிய உறுப்பை வெட்டி எடுக்க வேண்டிய நிலையில், மது அல்லாத, உணர்வை மறக்கச் செய்யும் மருந்தைப் பயன்படுத்தலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் எழுதியுள்ளார்கள். மயக்க மருந்து இல்லாத காலத்தில் சொல்லப்பட்டது இது.

இதிலிருந்து நாம் விளங்குவது: போதை தராத, தூய்மையான மருந்தில் போதைத் தடையின் காரணம் இல்லை. போதை தரும் மருந்தாக இருந்தால், நம்பகமான மருத்துவர் சொல்ல வேண்டும், வேறு நல்ல மாற்று இருக்கக் கூடாது, தேவையான அளவைத் தாண்டக் கூடாது. சொந்தக்காரரின் சிபாரிசும் வாட்ஸ்அப் செய்தியும் மருத்துவரின் இடத்துக்கு வராது.

இங்கே மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புற்றுநோய் முற்றிய வாப்பா இரவெல்லாம் வலியில் துடிக்கிறார். மருத்துவர் எழுதிய மார்ஃபின் மாத்திரையை "போதை, ஹராம்" என்று வீட்டார் அலமாரியில் பூட்டி வைக்கிறார்கள். அதே வீட்டில் கஞ்சா எண்ணெய்க்கு ஆள் அனுப்புகிறார்கள். மார்ஃபின் பல்லாண்டு சோதிக்கப்பட்ட, அளந்து கொடுக்கப்படும் வலி மருந்து. நோயாளிக்கு அது எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014இல் அதே போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரண இயக்கத்தால், நமக்கு அடுத்துள்ள வயநாட்டில் வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலியர்கள் இருக்கிறார்கள். அளவோடு கொடுத்த மருந்தில் ஒரு முதியவர் வலியின்றித் தூங்குவது பாவமல்ல. அவரைத் துடிக்க விடுவதைத்தான் நாம் அஞ்ச வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள். எந்த நாளில், எத்தனை நிமிடம் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் கைப்பேசியில் படம் பிடியுங்கள். மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. சரியான மருந்தைச் சரியான அளவில் எடுத்தால் வலிப்பு நோயாளிகளில் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

அந்தச் சகோதரியிடம் நாம் சொன்னது இவ்வளவுதான்: "மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீங்கம்மா. இந்தப் புட்டியைத் திறக்காமல் டாக்டரிடமே காட்டுங்க." அடுத்த வாரம் ஜமாஅத் வண்டி ஏற்பாடு செய்து, நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பி வைத்தோம். பிள்ளைக்கு மூன்று வயதில் எழுதிய அளவே ஆறு வயதிலும் ஓடிக்கொண்டிருந்தது. உடல் எடை கூடியிருந்தது, மருந்து கூடவில்லை. மருத்துவர் அளவைக் கூட்டி எழுதினார். எண்ணெய் தேவைப்படவில்லை. வலிப்பு முழுவதும் நின்றுவிடவில்லை என்றாலும் வெகுவாகக் குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பிள்ளை இப்போது மாலையில் மதரஸாவுக்கும் வருகிறான்.

நோயைத் தந்த அல்லாஹ் அதற்கான மருந்தையும் படைத்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அந்த மருந்தைச் சரியான கையிலிருந்து, சரியான அளவில் பெறுவது நம் பொறுப்பு. நோயுற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.