கிடைத்தது ஒரு நிமிடம்

தீக்காயத்தின் மேல் ஒட்டுத் தோலைப் பரப்பும் அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு, அதைச் சரியாகப் பொருத்த அவகாசம் தேவை. ஆனால் வழக்கமான ஃபைப்ரின் பசை சில விநாடிகளில் இறுகிவிடும். ரத்தப் பெருக்கை நிறுத்த அந்த வேகம் வரம். இங்கேயோ இடைஞ்சல்.

தீர்வு த்ரோம்பினின் அளவில் இருக்கிறது. ரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜெனை நார்களாக மாற்றும் நொதி இது. அதிகம் சேர்த்தால் மெல்லிய நார்கள் நெருக்கமாகப் பின்னிக்கொள்கின்றன. குறைத்தால் தடித்த நார்களும் பெரிய இடைவெளிகளும் கொண்ட வலை மெதுவாக உருவாகிறது.

வழக்கமான பசையில் மில்லிலிட்டருக்கு 500 யூனிட் த்ரோம்பின். தீக்காயத் தோல் ஒட்டுக்கென்று 2008-ல் அமெரிக்கா அனுமதித்த பசையில் 4 யூனிட்தான். அது இறுக ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது. தோலை நகர்த்தி, சுருக்கம் நீக்கி, ஓரங்களைச் சேர்க்க டாக்டருக்குக் கிடைப்பது அந்த ஒரு நிமிடம்தான்.