தோள் ஸ்கேன் சொல்லும் மில்லிமீட்டர் கணக்கு

தச்சநல்லூரில் தோள்வலிக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தவருக்குத் தசைநாணின் தடிமன் 5.2 மில்லிமீட்டர் என்று வருகிறது. சில மாதம் கழித்துப் பாளையங்கோட்டையில் வேறொருவர் பார்த்தபோது 5.7 என்று வைத்துக்கொள்வோம். வீக்கம் கூடிவிட்டது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. ஒலியலை நாணின் மீது செங்குத்தாக விழ வேண்டும். கருவி சற்றே சாய்ந்தாலும் நல்ல நாண்கூடக் கறுத்து, கிழிந்ததுபோலத் தெரியும். கையை வைத்திருக்கும் நிலை மாறினால் எலும்புகளின் இடைவெளியும் மாறும். ஒரே ஆள், ஒரே நிலையில், இரண்டு மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் எண் பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. ஆள் மாறும்போதுதான் வித்தியாசம் கூடுகிறது.

அப்படியானால் எம்.ஆர்.ஐ.யே போதுமே என்பார்கள். நாண் முழுக்கக் கிழிந்ததைக் கண்டறிவதில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றே 2013இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. செலவும் குறைவு, கையை அசைக்கச் சொல்லியே பார்க்கலாம் என்பது, என் கணிப்பில், அல்ட்ராசவுண்டின் பெரிய பலம். பாதிக் கிழிசலில்தான் அது தடுமாறுகிறது. அறிக்கை சுத்தமாக இருந்தும் வலி விடவில்லை என்றால், எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமே.