இடுப்புச் சுற்றளவும் காப்புறுதியின் கடப்பாடும்

உடற்பருமன் ஒருவரது தனிப்பட்ட விடயம் மட்டுந்தானா? அல்லது அவரது மருத்துவச் செலவைச் சுமக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் அதில் பொறுப்பு உண்டா? இவ்வினாவுக்கு ஜப்பான் 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் சட்டத்தின் மூலமாகவே விடையளித்தது.

அந்நாட்டு மக்கள் 1961ஆம் ஆண்டு முதல் ஏதேனுமொரு பொதுச் சுகாதாரக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் உள்வாங்கப்பட்டுள்ளனர். 2008ஆம் ஆண்டின் ஏற்பாட்டின்படி, 40 முதல் 74 வயது வரையிலான அங்கத்தவர்களுக்கு வருடாந்தம் உடற்பரிசோதனை நடத்துவது காப்புறுதி அமைப்புகளின் கடமையாயிற்று. ஆண்களின் இடுப்புச் சுற்றளவுக்கு 85 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் எல்லையாக வகுக்கப்பட்டன. அதனை எட்டியோருள் குருதி அழுத்தம், சீனி, கொழுப்பு ஆகியவற்றாலும் ஆபத்தை எதிர்நோக்குவோருக்கு உணவு, உடற்பயிற்சி தொடர்பான ஆலோசனை வழங்கப்படுகின்றது. பருமனானவருக்குத் தண்டம் கிடையாது. இலக்கை எட்டத் தவறும் காப்புறுதி அமைப்பே முதியோர் மருத்துவத்துக்கான பங்களிப்பைக் கூடுதலாகச் செலுத்த நேரிடுகின்றது.

அமெரிக்காவின் நிலை வேறாகும். அங்கு பலரது காப்புறுதி தொழிலுடன் பிணைந்துள்ளது. தொழில் மாறும்போது காப்புறுதி நிறுவனமும் மாறக்கூடும். ஆகையால், இன்று ஒருவரின் எடையைக் குறைக்கப் பணம் செலவிடும் நிறுவனம், பல்லாண்டுகளின் பின்னர் தவிர்க்கப்படும் மாரடைப்பினால் மீதமாகும் பணத்தைக் காண்பதில்லை. செலவைத் தாங்க இயலாமையும் ஒரு காரணமாகின்றது. வட கரோலினா மாநில ஊழியர்களின் சுகாதாரத் திட்டம், எடைக் குறைப்புக்கான புதிய ஊசி மருந்துகளுக்குக் கொடுப்பனவு வழங்குவதை 2024 ஏப்ரலில் நிறுத்தியமை இதற்கு உதாரணமாகும்.

எனினும், ஜப்பானின் முயற்சியையும் முழு வெற்றியெனக் கொள்ள முடியாது. எல்லைக்குச் சற்று மேலும் கீழும் இருந்த ஆண்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2020ஆம் ஆண்டு வெளியானது. ஆலோசனைக்குத் தெரிவானோரின் எடை ஓராண்டின் பின்னர் சராசரியாகச் சுமார் 300 கிராம் மாத்திரமே குறைந்திருந்தது. குருதி அழுத்தம், சீனி, கொழுப்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை. தெரிவானோரில் பெரும்பாலானோர் ஆலோசனையைப் பெறவேயில்லை என்பதும் கவனத்திற்குரியது.

அளவு நாடாவினால் நோய் தீராது என்பதையே இது உணர்த்துகின்றது. பொறுப்பைத் தனிமனிதர் மீது மட்டும் சுமத்தாத ஜப்பானின் நோக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால், பரிசோதித்தவர்களின் தொகையைக் காட்டுவதுடன் காப்புறுதி அமைப்பின் கடமை முடிந்துவிடுவதில்லை. வேலைப்பளுவில் சிக்கிய உழைப்பாளி ஆலோசனையைப் பெறுவதற்கும் அதனைத் தொடர்ந்து பின்பற்றுவதற்கும் வழி செய்தாலன்றி, செலவிடும் பணம் விழலுக்கு இறைத்த நீராகவே முடியும்.