பின்வாங்கச் சொல்லும் பொறுப்பு

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் களத்தின் முதல் தலைமை நிலைய அலுவலருடையது. அவருக்குக் கீழே தீயணைப்போர், முன்னணி தீயணைப்போர், வண்டி ஓட்டுநர். மேலே உதவி மாவட்ட அலுவலர், மாவட்ட அலுவலர். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் அடிப்பது, உள்ளே யாரை அனுப்புவது, பக்கத்து ஊர் வண்டியைக் கூப்பிடுவதா என்பதையெல்லாம் வண்டி நின்றவுடன் அவர் சொல்லியாக வேண்டும். மேலதிகாரி வந்து சேரும்போது முக்கியமான முடிவுகளில் பாதி எடுக்கப்பட்டிருக்கும்.

இந்தப் பதவிக்கு வழி இரண்டு. தீயணைப்போராகச் சேர்ந்து படிப்படியாக உயர்வது ஒன்று. பட்டப்படிப்பு முடித்து, சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி நேரடியாக வருவது மற்றொன்று. இரண்டாம் வழியில் வருபவர் வேலை வாங்க வேண்டிய ஆட்களில் சிலர், அவர் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே தீயோடு போராடி வருபவர்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வேண்டும், கேட்டபின் தானே முடிவெடுக்கவும் வேண்டும். தலைமைப் பயிற்சியில் கடினமான பகுதி இதுதான். அணிவகுப்பு மைதானத்தில் இதைக் கற்றுத்தர முடியாது.

மாநிலப் பயிற்சி மையம் தாம்பரத்தில் இருக்கிறது. அகில இந்திய அளவில் தேசிய தீயணைப்புக் கல்லூரி 1956-ல் உத்தரப்பிரதேசத்தின் ராம்பூரில் தொடங்கி, மறு ஆண்டே நாக்பூருக்கு மாறியது. நிலைய அலுவலர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் அங்கே தனித்தனிப் படிப்புகள் உண்டு.

அனுபவசாலி அதிகாரி எப்படி முடிவெடுக்கிறார் என்பதை 1980-களில் அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் ஆராய்ந்தார். நான்கு வழிகளை எடைபோட்டு ஒன்றைத் தேர்வதாக அவரிடம் பேசிய தீயணைப்பு அதிகாரிகள் சொல்லவில்லை. நிலைமையைப் பார்த்ததும் முன்பு கண்ட ஒன்று நினைவுக்கு வருகிறது, அதற்கேற்ற செயலும் கூடவே வருகிறது என்றார்கள். அவர் பதிவு செய்த ஒரு நிகழ்வில், சமையலறைத் தீ என்று நினைத்து உள்ளே போன அதிகாரிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. தண்ணீருக்குத் தீ அடங்கவில்லை. அறையின் சூடு அதிகம், சத்தமோ குறைவு. ஆட்களை உடனே வெளியேற்றினார். சற்று நேரத்தில் தரை இடிந்து விழுந்தது. தீ உண்மையில் நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. இந்த அறிவு வயதோடு தானாக வருவதாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் குழு உட்கார்ந்து நடந்ததைப் பேசினால், ஒருவர் கண்டது எல்லோருக்கும் பாடமாகும்.

2020 நவம்பர் 14, தீபாவளி நாள் அதிகாலையில் மதுரை விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடைத் தீயை அணைக்கும்போது பழைய கட்டடம் இடிந்து தீயணைப்போர் இருவர் உயிரிழந்தனர். வெப்பத்தில் வலுவிழக்கும் பழைய சுவர் எப்போது சரியும் என்று வெளியிலிருந்து கணிப்பது கடினம். அதனால்தான் கட்டடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளை நிறுத்தும் முறை பல நாடுகளில் உள்ளது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் வெளியிட்ட நிகழ்வு எதிர்கொள்ளும் முறையிலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தனி இடமுண்டு. ஒருவர் ஏறத்தாழ ஐந்து பேரை மட்டுமே நேரடியாக ஏவ வேண்டும் என்பதும் இத்தகைய முறைகளின் அடிப்படை.

கட்டடம் இடிவது மட்டுமே ஆபத்தல்ல. எடுத்துக்காட்டாக, நாமக்கல் மாவட்டத்தில் அதிகாரி ஒரே வகைத் தீயை எதிர்பார்க்க முடியாது. மோகனூரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை, சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள், கோழிப்பண்ணைகள், நெடுஞ்சாலையில் எரிவாயு டேங்கர் லாரிகள். 2022 டிசம்பர் 31 அதிகாலை மோகனூரில் ஒரு வீட்டில் வைத்திருந்த பட்டாசு வெடித்து நால்வர் இறந்தனர். குடியிருப்பு வீடுதானே என்று நெருங்கும் குழுவுக்கு உள்ளே வெடிபொருள் இருப்பது தெரியாது. அக்கம்பக்கத்தாரிடம் முதலில் விசாரிப்பதும், கூட்டத்தை விலக்குவதும் தண்ணீர் அடிப்பதைப் போலவே தலைமையின் வேலை.

கிணறுகள் இன்னும் சிக்கலானவை. நச்சுவாயு உள்ள கிணற்றில் ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க அண்ணனோ மகனோ இறங்குவார், அவரும் மயங்குவார். கரையில் கதறும் உறவினர்களைத் தடுத்து நிறுத்தும் அதிகாரி கல்நெஞ்சக்காரராகத் தெரிவார். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் முழுப் பாதுகாப்பு அல்ல: ஹைட்ரஜன் சல்பைடை அது காட்டிக்கொடுக்காது, மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிப்புக்குக் காரணமாகும். சுவாசக் கருவி மாட்டி, இடுப்பில் கயிறு கட்டிய ஒருவர் மட்டும் இறங்க வேண்டும். அதேபோன்ற கருவியோடு இன்னொருவர் மேலே தயாராக நிற்க வேண்டும். அந்த இரண்டாம் ஆள் இல்லாத வரை முதல் ஆளை அனுப்பக் கூடாது.