பிட்டு, பருந்து, பாய்ச்சல்

வா, கெட்டிக்காரப் பிள்ளையே. இந்த வாங்கில் என் பக்கத்தில் உட்கார். இன்று எங்கள் ஊரான உடப்பில் கடல் கொந்தளிக்கிறது. காற்று மணலை வாரி அடிக்கிறது. வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறிக் கிடக்கின்றன. ஆறுதலாகக் கதைக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

போன விடுமுறைக்கு என் அக்காவின் மகள் எங்கள் வீட்டில் வந்து நின்றாள். ஏழாம் ஆண்டு படிக்கிறாள். என் லேப்டொப்பில் நாங்கள் இரண்டு பேரும் மூன்று வீடியோ கேம்களை விளையாடி முடித்தோம். மூன்றிலும் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"மாமா, உண்மையிலயும் இது இப்படித்தான் நடக்குமா?"

அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நீயும் அப்படிக் கேட்கிற பிள்ளைதான். இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தைத் திறந்திருப்பாயா?

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வோம். இந்த மூன்றையும் 'இண்டி கேம்' என்பார்கள். அப்படியென்றால் என்ன? நம் கரையிலேயே பதில் இருக்கிறது. கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பாய். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, அம்பாப் பாட்டுப் பாடி, ஒரே தாளத்தில் கயிற்றை இழுப்பார்கள். அதே கடலில் இன்னொருவர் தனியாகத் தோணியில் போய்த் தூண்டில் போட்டு மீன் பிடிப்பார். பெரிய நிறுவனங்கள் செய்யும் கேம் கரைவலை மாதிரி. நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து இழுக்க வேண்டும். இண்டி கேம் அந்தத் தூண்டில்காரரின் தோணி. ஒருவர், இருவர், ஒரு சிறு குழு. அவ்வளவுதான். 2016இல் வந்த 'ஸ்டார்டியூ வெலி' என்ற கமக்காரக் கேமை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் செய்தார். படம், இசை, கதை, கணினிக் கட்டளை எல்லாம் அவர் கைவேலை. நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்.

விளங்கியதா? சரி, இனி அடுப்படிக்குப் போவோம்.

நாங்கள் முதலில் விளையாடிய கேமின் பெயர் 'வெண்பா'. ஆமாம், நல்ல தமிழ்ப் பெயர்! கனடாவின் ரொறன்ரோ நகரில் உள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு இதைச் செய்தது. 2023 ஜூலை 31இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில், சிறந்த முதல் படைப்புக்கான விருது இதற்குக் கிடைத்தது.

வெண்பா ஒரு தாயின் பெயர். 1980களில் கணவர் பாவலனோடு தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போனவர். அவர்களுக்குக் கவின் என்று ஒரு மகன். வெண்பாவிடம் அவரது அம்மாவின் சமையல் கொப்பி ஒன்று இருக்கிறது. பழைய கொப்பி. சில இடம் கிழிந்துவிட்டது, சில இடம் அழிந்துவிட்டது. மிச்சமுள்ள எழுத்தையும் படத்தையும் வைத்து, விடுபட்டதை நாமே யோசித்துச் சமைக்க வேண்டும். இதில் துப்பாக்கி கிடையாது. ஓட்டப் பந்தயமும் கிடையாது. பிழையாகச் சமைத்தால் திரும்பவும் முதலிலிருந்து செய்யலாம்.

இட்டலிக்குப் பிறகு வந்தது பிட்டு. கேமில் 'புட்டு' என்கிறார்கள். குழலுக்குள் எதை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது? மருமகள் யோசித்தாள். பிறகு அவளுடைய கேள்வி வந்தது.

"மாமா, உண்மையிலயும் இந்த ஒழுங்கு முக்கியமா? எல்லாத்தையும் கலந்து போட்டா அவியாதா?"

நான் பதில் சொல்லவில்லை. லேப்டொப்பை மூடிவிட்டு அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போனேன். அவளுடைய அம்மம்மா, அதாவது என் அம்மா, இராச் சாப்பாட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார்.

நீயும் எங்களோடு நின்று பார். வறுத்த சிவப்பரிசி மா. உப்புப் போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கிறார். ரொட்டிக்குக் குழைப்பது போல உருட்டித் திரட்டவில்லை. ஒரு தகரப் பேணியின் விளிம்பால் மாவைக் கொத்துகிறார். டொக், டொக், டொக். மா சின்னச் சின்ன மணிகளாக உதிர்கிறது. குழலின் அடியில் துளையுள்ள வட்டத் தட்டு. அதற்கு மேல் ஒரு பிடி தேங்காய்ப்பூ. பிறகு மா. பிறகு மறுபடி தேங்காய்ப்பூ.

"அழுத்திப் போடுங்களன், இன்னும் கொஞ்சம் கொள்ளுமே," என்றாள் மருமகள்.

"அழுத்தினா ஆவி எங்கால போறது மகள்?" என்றார் அம்மா.

பார்த்தாயா? என் அம்மா விஞ்ஞானம் படித்தவரில்லை. ஆனால் விடையை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இப்போது நாம் மெதுவாக யோசிப்போம். கீழே பானையில் தண்ணீர் கொதிக்கிறது. தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதித்து நீராவியாகிறது. அந்த ஆவி துளைத்தட்டு வழியாக மேலே ஏறுகிறது. தட்டு இல்லாவிட்டால் மா முழுவதும் தண்ணீருக்குள் விழுந்து கஞ்சியாகிவிடும். ஆகவே தட்டுத்தான் முதலில்.

ஆவி மேலே போக வழி வேண்டும். மா மணி மணியாக இருந்தால் இடையில் சின்னச் சந்துகள் இருக்கும். தேங்காய்ப்பூவிலும் நிறையச் சந்துகள் உண்டு. பாடசாலை மணி அடித்ததும் நீங்கள் எல்லோரும் ஓடுகிற ஓட்டத்தை நினைத்துப் பார். நாலைந்து கதவுகள் திறந்திருந்தால் எல்லோரும் சட்டென்று வெளியே வந்துவிடுவீர்கள். எல்லாக் கதவையும் பூட்டினால்? உள்ளேயே முட்டி மோதுவீர்கள். அழுத்திய மாவுக்குள் ஆவியின் நிலையும் அதுதான்.

இன்னும் ஒரு கேள்வி. கொதிநீரில் போடாமல் ஆவியில் மட்டும் வைத்தால் மா எப்படி அவிகிறது? இந்த இடம் கொஞ்சம் கடினம். கவனமாகக் கேள். தண்ணீரை நீராவியாக்க நிறைய வெப்பம் செலவாகும். ஒரு கிராம் தண்ணீரை 0 பாகையிலிருந்து 100 பாகை வரை சூடாக்கும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கும் அதிகம். அந்த வெப்பம் எங்கே போகிறது? ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் அதற்கு 'மறை வெப்பம்' என்று பெயர். ஆவி குளிர்ந்த மாவில் பட்டதும் திரும்பத் தண்ணீர்த் துளியாக ஒடுங்குகிறது. ஒடுங்கும்போது ஒளித்து வைத்த வெப்பம் முழுவதையும் மாவுக்குக் கொடுத்துவிடுகிறது. மாவிலுள்ள மாப்பொருள் அந்த ஈரத்தையும் சூட்டையும் உறிஞ்சி, ஊதி, மெதுமெதுவென்று அவிகிறது. கொதிநீரை விட ஆவி பட்டால் கூடுதலாகப் புண்ணாகும் என்று அம்மா எச்சரிப்பாரே, அதற்கும் இதுதான் காரணம். மூடியைத் திறக்கும்போது கையைத் தள்ளி வை.

விளங்காவிட்டால் அந்தப் பந்தியை இன்னொரு முறை படி. நான் காத்திருக்கிறேன்.

ஆகவே மருமகளின் கேள்விக்கு விடை 'ஆம்'. பிட்டுச் செய்வதில் வெண்பா இயற்கையின் சொல்லைத் தட்டவில்லை. கேமைச் செய்தவர்கள் யாரோ ஒருவரின் அடுப்படியில் நின்று கவனமாகப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஒரு குறை உண்டு. கேம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிறது. இன்னொரு ஆசையும் உண்டு. நாம் பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டியிலும் பிட்டு அவிப்போமே, அதை ஒரு கேமில் பார்க்க வேண்டும். அதை நீதான் செய்வாயோ, யார் கண்டது? கவின் தமிழ் பேசத் தயங்குகிற இடத்தில் நான் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளும் கனடாவில்தான் வளர்கிறார்கள்.

இரண்டாவது கேம் 'அ ஷோர்ட் ஹைக்'. ஒரு சின்ன மலைநடை என்று அர்த்தம். 2019இல் அடம் ரொபின்சன்-யூ என்ற கனடாக்காரர் செய்தது. கிளெயர் என்ற பறவைப் பிள்ளை ஒரு தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கிறாள். கீழே சிக்னல் இல்லை. மலை உச்சிக்குப் போனால்தான் கிடைக்கும். இந்தச் சங்கடம் நமக்குத் தெரியாததா! வழியில் பொன்னிறகுகள் கிடைக்கும். ஓர் இறகு கூடினால் அந்தரத்தில் இன்னொரு தரம் சிறகடிக்கலாம். சிறகடித்துக் களைத்தால் இறக்கையை விரித்து அப்படியே மிதந்து இறங்கலாம்.

"பறவைக்கு உண்மையிலயும் இறகை எண்ணித்தான் பறக்க ஏலுமா?"

ஏலாது. இந்த இடத்தில் கேம் கொஞ்சம் கதை விடுகிறது. ஆனால் அதற்குள்ளும் ஓர் உண்மை இருக்கிறது. சிறகடிப்பது களைப்பான வேலை, மிதப்பது இலேசான வேலை. மதியத்தில் வெளியே வந்து வானத்தைப் பார். செம்பருந்து சிறகை அடிக்காமலே வட்டம் போடும். வெயிலில் மணல் சீக்கிரம் சுட்டுவிடுகிறது. கடல் அவ்வளவு சுடுவதில்லை. சூடான மணலுக்கு மேலுள்ள காற்று இலேசாகி மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று ஓடி வருகிறது. மேலே எழும் காற்றில் பருந்து ஏறி இருந்துகொள்கிறது. கேமிலும் மலையுச்சியில் கீழிருந்து எழும் காற்று கிளெயரைத் தூக்கிவிடும் இடம் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் காற்றுக்கா பஞ்சம்? மாம்புரியில் காற்றாலைகளைச் சுற்றுவதும் காற்றுத்தான். கற்பிட்டிக் களப்பில் பெரிய பட்டம் பிடித்துத் தண்ணீரில் சறுக்குகிற வெளிநாட்டுக்காரரை இழுப்பதும் காற்றுத்தான்.

மூன்றாவது கேமில்தான் மருமகள் பலமுறை விழுந்தாள். அதன் பெயர் 'செலஸ்ட்'. 2018இல் வந்தது. இதுவும் கனடாவில் உருவானதுதான். அதன் முதல் சின்ன வடிவத்தை இரண்டு பேர் நான்கே நாளில் செய்தார்கள். மடலின் என்ற பெண் மலை ஏறுகிறாள். பாறைக்குப் பாறை பாய வேண்டும். தவறினால் விழுவாள். உடனே பக்கத்திலிருந்தே மறுபடி தொடங்கலாம்.

கணினிக்குள் பாய்ச்சல் எப்படி நடக்கிறது தெரியுமா? ஒரு செக்கனில் 60 தரம் அடிக்கிற பாடசாலை மணியைக் கற்பனை செய். ஒவ்வொரு மணிக்கும் கணினி ஒரு புதுப் படம் வரைகிறது. நீ பொத்தானை அழுத்தினால் முதல் மணிக்குப் பெண் மேலே 10 படி போகிறாள் என்று வைத்துக்கொள். அடுத்த மணிக்கு 9 படி. பிறகு 8, 7, 6. பூச்சியம் வந்ததும் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறாள். பிறகு கீழே 1, 2, 3 என்று வேகம் கூடுகிறது. மாங்காயை மேலே எறிந்தாலும் இதுதான் நடக்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒன்று குறைகிறதே, அதுதான் கேமுக்குள் இருக்கும் புவியீர்ப்பு. வெளியே நம் பூமியில் புவியீர்ப்பு ஒவ்வொரு செக்கனிலும் வேகத்தைச் செக்கனுக்கு 9.8 மீற்றர் அளவு மாற்றுகிறது. ஐந்து மீற்றர் உயரக் கிளையிலிருந்து மாங்காய் நிலத்துக்கு வர ஏறத்தாழ ஒரு செக்கன் எடுக்கும். அந்த எண்ணை உன்னாலும் என்னாலும் மாற்ற முடியாது. கேம் செய்பவரால் முடியும்!

செலஸ்ட் செய்தவர்கள் மாற்றினார்கள். பொத்தானை விடாமல் பிடித்திருந்தால், பாய்ச்சலின் உச்சியில் மட்டும் புவியீர்ப்பு பாதியாகிவிடும். மடலின் மேலே ஒரு துளி கூடுதலாக மிதப்பாள். எங்கே இறங்குவது என்று பார்க்க உனக்கு நேரம் கிடைக்கும். இன்னொன்றும் செய்தார்கள். பாறை விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும், ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரம் வரை பாய விடுவார்கள். இதற்கு 'கயோட்டி நேரம்' என்று பெயர். பழைய கார்ட்டூன் ஒன்றில் கயோட்டி என்ற காட்டு நாய் மலை விளிம்பைத் தாண்டி ஓடும். கீழே பார்க்கும்வரை விழாது. அதிலிருந்து வந்த பெயர்.

"அப்ப இது பொய்தானே மாமா?"

பொய்தான், பிள்ளை. ஆனால் உன்னை நன்றாகக் கவனித்த ஒருவர் சொன்ன பொய். கண் பார்க்கிறது, மூளை முடிவெடுக்கிறது, விரல் அழுத்துகிறது. இதற்கு ஏறத்தாழ ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு செல்லும். 'இதோ விளிம்பு' என்று நீ நினைத்து அழுத்துவதற்குள் மடலின் விளிம்பைத் தாண்டிவிடுகிறாள். அந்தத் தாமதம் உன் பிழையில்லை, மனித உடம்பின் இயல்பு. அதற்குத்தான் கேம் சலுகை தருகிறது. மூன்று கேம்களிலும் எனக்கு அதிகம் பிடித்தது இந்தப் பத்தில் ஒரு பங்குதான்.

நம்பிக்கை வரவில்லையா? நல்லது, அளந்து பார்த்துவிடுவோம். இதற்குக் கணினி வேண்டாம். முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்றும் ஒரு கூட்டாளியும் போதும். கூட்டாளி அடிமட்டத்தை மேல் நுனியில் நிமிர்த்திப் பிடிக்கட்டும். கீழே பூச்சியம் உள்ள நுனிக்கு இரண்டு பக்கமும் உன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் வைத்துக்கொள். அவர் சொல்லாமல் கொள்ளாமல் விடட்டும். நீ பிடி. பிடித்த இடத்தில் என்ன இலக்கம்?

15 சென்ரிமீற்றர் என்றால் நீ எடுத்த நேரம் 0.17 செக்கன். 20 என்றால் 0.2. 25 என்றால் 0.23. அடிமட்டத்தை இழுத்ததும் மாங்காயை இழுக்கிற அதே புவியீர்ப்புத்தான். அது ஒருபோதும் எண்ணை மாற்றாது என்பதால் அதை நம்பி அளக்கலாம்.

ஐந்து தரம் செய். ஐந்தையும் கூட்டி ஐந்தால் பிரித்து வரும் விடையைக் கொப்பியில் எழுதி எனக்கும் அனுப்பு. மருமகளுக்கு 17 சென்ரிமீற்றர் வந்தது. எனக்கு 23.