இடிபடும் வீடும் எடுக்கத்தக்க பொருளும்



புதுச்சேரி நகரைப் பெரிய வாய்க்கால் ஒன்று தெற்கு வடக்காக இரண்டாகப் பிரிக்கின்றது. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்புறத்தில், பிரெஞ்சு முறையில் அமைந்த வீடுகளைக் காண்கின்றோம். உயர்ந்த மதில், பெரிய வாயில், வளைவுச் சன்னல்கள், மரப்பட்டைகளைச் சாய்வாகப் பொருத்திய சன்னற்கதவுகள் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். மேற்கே தமிழர் வீடுகள். தெருத் தாழ்வாரம், திண்ணை, செதுக்கு வேலை அமைந்த தலைவாசல், மரத்தூண்கள் சூழ்ந்த முற்றம் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். இருமுறையும் ஒரே வீட்டில் கலந்திருப்பதும் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையில் கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்திருத்தல் இதற்குத் தக்க சான்று.

இத்தகைய வீடுகளுள் பல மறைந்துவிட்டன. ஓரிடத்தில் பாகப்பிரிவினை, ஓரிடத்தில் பழுதுபார்க்கப் பொருளின்மை, ஓரிடத்தில் அடுக்குமாடி எழுப்பும் ஆவல் எனக் காரணங்கள் பல. வீடு இடிபடும்போது கதவு, தூண், உத்தரம், ஓடு, செங்கல், கீல், தாழ்ப்பாள் எனப் பலவகைப் பொருள்கள் வெளிப்படுகின்றன. சில விலைக்குப் போகின்றன. சில குப்பை மேட்டுக்குப் போகின்றன. இவற்றுள் எவை எடுக்கத்தக்கவை, எவ்வாறு எடுப்பது, எப்பொழுது எடுக்கலாகாது என்பவற்றை இன்று சிந்திப்போம்.

பழைய கட்டடத்தின் பொருளைப் புதிய கட்டடத்துக்குப் பயன்படுத்துதல் இன்று தோன்றிய வழக்கன்று. உரோம நகரத்துக் கொலோசியம் பல நூற்றாண்டுகள் பிற கட்டடங்களுக்குக் கல் வழங்கும் சுரங்கம்போல் இருந்தது. நம் ஊரிலும் சான்று உண்டு. பிரெஞ்சுக்காரர் 1750-இல் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றி 1761 வரை வைத்திருந்தனர். இன்று கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொணரப்பட்டவை என்பர். அத்தூண்கள் அழகாகவே நிற்கின்றன. ஆயினும் எந்த மண்டபத்தைத் தாங்கியிருந்தோம் என்பதை அவை நமக்குச் சொல்வதில்லை. பொருள் பிழைத்தது; அதன் வரலாறு பிழைக்கவில்லை.

இதற்கு மாறான செயலையும் தமிழ்நாட்டு வரலாற்றில் காண்கின்றோம். பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் காலத்தில் திருக்கோடிகாவல் கோயில் கற்றளியாகப் புதுப்பிக்கப்பெற்றது. அப்பொழுது பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் பொறித்துவைத்தனர். பழையதைப் பிரிக்க நேர்ந்தபோதும் அது சொன்ன செய்தியைக் காத்த பண்பு இது. பழம்பொருளை எடுக்க விரும்பும் எவரும் பின்பற்றத்தக்க நெறியும் இதுவே.

இனி, பழைய பொருளுக்கு மதிப்பு எங்கிருந்து வருகின்றது எனக் காண்போம். முதலில் செங்கல். நம் பழைய வீடுகள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று இறுகுகின்றது; இறுகிய பின்னும் செங்கல்லைக் காட்டிலும் மென்மையாகவே இருக்கும். ஆகையால் சுவரைப் பிரிக்கும்போது சாந்து உதிர்ந்து, செங்கல் முழுமையாகக் கைக்கு வரும். சிமெண்டோ செங்கல்லை இறுகப் பற்றிக்கொள்வது. பிரிக்க முயன்றால் செங்கல்தான் உடையும். நூறாண்டுக்கு முற்பட்ட சுவரின் செங்கல்லை இன்னொரு சுவருக்குப் பயன்படுத்த முடிவதும், சென்ற தலைமுறையில் கட்டிய சுவரின் செங்கல் பெரும்பாலும் கல்லும் கரடுமாகப் போவதும் இதனால்தான்.

அடுத்தது மரம். பழைய உத்தரங்களும் கைமரங்களும் பெரும்பாலும் நன்கு முதிர்ந்த தேக்கு. பல ஆண்டுகள் கூரையின்கீழ் இருந்து ஈரம் வற்றியமையால் அவை இனி எளிதில் முறுக்கிக்கொள்வதில்லை. மூன்றாவது ஓடு. மங்களூரில் பாசல் மிஷனார் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். அத்தகைய தொழிற்சாலை ஓடுகளின் முதுகில் செய்தவர் பெயரும் ஊர்ப்பெயரும் அச்சாகப் பதிந்திருக்கும். ஒரு கூரையின் காலத்தைக் கணிக்க அந்த முத்திரை துணைசெய்யும்.

உடைந்தவை என்று எறியப்படுபவற்றுக்கும் பயன் உண்டு. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளத்தை எண்ணிப் பாருங்கள். மர உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குறுக்குச் சாய்வாகச் செங்குத்தே நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி இடித்து இறுக்குவர். அந்த ஜல்லிக்கு உடைந்த செங்கல்லே போதும். ஆகவே ஒரு வீட்டின் குப்பை மற்றொரு வீட்டின் தளத்தைப் பழுதுபார்க்க உதவும்.

எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று கருதுதல் தவறு. கடலருகே உள்ள ஊர் நம்முடையது. நிலத்தையொட்டிய சுவர்ப்பகுதியின் செங்கல்லில் உப்பு ஏறியிருக்கும். அதைப் புதுச் சுவரில் வைத்தால் அங்கும் உப்புப் பூத்துச் சாந்து உதிரும். மேற்சுவரின் செங்கல்லே நல்லது. மரத்தைச் சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்த்தல் வேண்டும். உள்ளீடற்ற ஓசை எழுந்தால் கரையான் அரித்தது என அறியலாம். இழைப்பதற்குமுன் உள்ளே மறைந்த ஆணிகளைத் தேடி எடுத்துவிட வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதைத் தீயால் கருக்குவதும் உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் உடலுக்குக் கேடு, சிறுவர்களுக்குப் பெருங்கேடு. இடிபடும் கட்டடத்துக்குள் மாணவர் எவரும் தாமாக நுழைதல் கூடவே கூடாது.

பிரித்தெடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. கட்டிய வரிசைக்கு மறுதலையாகப் பிரித்தல் வேண்டும்: முதலில் ஓடு, பின்பு சட்டம், கைமரம், உத்தரம், கதவு நிலை, இறுதியில் சுவர். ஒவ்வோர் உறுப்பிலும் எண் எழுதிவைத்தால், தூணையும் அதற்குரிய போதிகையையும் மாற்றிப் பொருத்த நேராது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்திராவில் தென்னாட்டுப் பழைய வீடுகள் சில இவ்வாறு பிரித்துக் கொணர்ந்து மீண்டும் நிறுத்தப்பட்டுள்ளன. அங்குச் சென்று பார்த்தால் இம்முறையின் அருமை விளங்கும்.

இனி, 'இலவசம்' என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். தெருவில் குவிந்து கிடப்பதாலேயே ஒரு பொருள் உடையவன் அற்றதாகிவிடாது. நம் நாட்டில், வீட்டை இடிக்கும் பொறுப்பை ஏற்பவர் கூலி பெறாமல், கிடைக்கும் மரத்துக்கும் கல்லுக்கும் ஈடாக வீட்டுக்காரருக்கே பணம் தருவதும் உண்டு. அங்குக் கிடக்கும் ஒற்றைக் கீலும் அவருடைய கணக்கில் உள்ளதே. கேட்டுப் பெறுவது கொடை. கேளாமல் எடுப்பது களவு.

சட்டமும் இதில் தலையிடுகின்றது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் முதலியன தொல்பொருள் ஆகும். அறிவியல், வரலாறு, இலக்கியம் ஆகியவற்றில் மதிப்புடைய சுவடிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். உரிமம் இன்றி இவற்றில் வாணிகம் செய்யலாகாது. தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் இயலாது. நிலத்தில் புதைந்து கிடைக்கும் புதையலைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி.

சுவடி என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அவர் மறைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் அவருடைய மரபினரிடம் இருந்தது. 1846-இல் ஆர்மோன் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டறிந்தார். அந்த ஏடுகள் பழைய காகிதம் என்று கழிக்கப்பட்டிருந்தால், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றி நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதியை இழந்திருப்போம். ஆகவே பரணை ஒழிக்கும்போது கதவைத் தேடுமுன் காகிதத்தைத் தேடுங்கள். ஓலைச்சுவடியோ பழைய பத்திரமோ கிடைத்தால், 1955-இல் நிறுவப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அறிஞர் கூடங்களை அணுகிக் கேட்பது நல்லது.

எல்லாவற்றினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. பழைய தூணுக்கும் கதவுக்கும் சந்தையில் மதிப்பு ஏற ஏற, அவற்றைத் தாங்கும் வீட்டுக்கு ஆபத்தும் ஏறுகின்றது. காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு மாளிகைகளின் கதவுகளும் தூண்களும் பாத்திரங்களும் விற்பனைக்கு நிற்கின்றன. வாங்குவோர் அழகைக் காண்கின்றனர். அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் பிரிந்த வீடு ஒன்று உண்டு என்பதை எத்தனை பேர் எண்ணுகின்றனர்? நிற்கும் வீட்டைக் காட்டிலும் பிரித்த வீட்டுக்கு விலை மிகுமானால், வறுமையுற்ற உரிமையாளர் எதைத் தேர்வார் என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆதலின் வரிசை இவ்வாறு இருத்தல் வேண்டும். வீட்டை நிற்கச் செய்வது முதல் கடமை. அது முடியாதபோது, அதன் உறுப்புகளை அதே ஊரில் நிற்கும் அதே வகை வீட்டைப் பழுதுபார்க்கத் தருவது இரண்டாவது. அலங்காரத்துக்காகத் தொலைவூருக்குக் கொண்டுபோவது கடைசி.

முதற்கடமை இயலாத ஒன்றன்று. வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா உர்ப்ஸ் திட்டத்தின்கீழ், 2002 முதல் 2004 வரை, இன்டாக் அமைப்பின் முயற்சியால், தமிழர் வீடுகளின் முகப்புகள் சீர்செய்யப்பெற்றன. பிரான்சின் வில்நெவ்-சூர்-லோத், இத்தாலியின் உர்பினோ ஆகிய நகரங்கள் அதில் துணைநின்றன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருதும் அவ்வீதிக்குக் கிடைத்தது. இதற்கு எதிராக, 1870-71-இல் எழுந்த நகராட்சி மாளிகையாகிய மேரி கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து வீழ்ந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் கட்டப்பெற்று 2021-இல் திறக்கப்பெற்றது. தோற்றம் மீண்டது; பழைய கொத்தரும் தச்சரும் கைதொட்டுச் செய்த சுவரும் மரமும் மீளவில்லை.

மாணவர்களாகிய உங்களுக்குப் பொருள் செலவின்றிச் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. உங்கள் தெருவில் உள்ள பழைய வீடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட்டாரின் இசைவைப் பெற்று, தலைவாசலையும் தூணையும் முற்றத்தையும் அளந்து வரைந்துகொள்ளுங்கள். ஓட்டின் முத்திரையைக் குறித்துவையுங்கள். வீட்டின் மூத்தோரிடம் அது யார் காலத்தில் கட்டப்பட்டது என்று கேட்டு எழுதுங்கள். வீட்டைப் பற்றி ஒருவர் ஆவலுடன் கேட்கிறார் என்பதே, அதை இடிக்க எண்ணியவரைச் சற்றே தயங்கச் செய்யும். அவ்வீடு நின்றால் அந்த ஏடு அதற்குப் பெருமை. ஒரு நாள் வீழ்ந்துவிட்டால், அதன் கதவு எங்குச் சென்றாலும், எந்த வீட்டின் கதவு என்று சொல்ல அந்த ஏடு இருக்கும்.