கட்டற்ற கணினியும் கைக்கெட்டாத மென்பொருட்களும்

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றில் இல்லாத வன்பொருள் பாதுகாப்பு வசதியொன்றைக் கட்டாயமாகக் கோருகின்றது. இதனால் கண்டி நகரத்தின் அச்சகங்களிலும், அக்குறணை, மடவளை, கம்பளைப் பகுதிகளின் பாடசாலைகளிலும் வர்த்தக நிலையங்களிலும் நல்ல நிலையில் இயங்கிவரும் பழைய கணினிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்துள்ளது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது டொலரொன்றின் பெறுமதி சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு உயர்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. புதிய கணினி வாங்குவது இன்று சாதாரண குடும்பமொன்றுக்கோ சிறிய பாடசாலையொன்றுக்கோ இலகுவான காரியமன்று.

இக்கேள்விக்குத் தொழினுட்பம் அறிந்தோர் கூறும் விடை லினக்ஸ் என்பதாகும். 1991 இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கி வைத்த இம்முறைமையை எவரும் இலவசமாகப் பெறலாம், மாற்றியமைக்கலாம், பிறருக்கும் வழங்கலாம். நமது நாட்டுக்கும் இது புதியதன்று. கண்டியின் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கிய 'ஹந்தானை லினக்ஸ்' என்னும் பதிப்பை இலங்கை ஆர்வலர்கள் 2009 இல் வெளியிட்டனர். 2004 டிசம்பர் சுனாமியின் பின்னர் இலங்கையர் உருவாக்கிய 'சஹனா' என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளும் திறந்த மூல மென்பொருளேயாகும். அது பின்னர் வேறு பல நாடுகளிலும் பயன்பட்டது.

எனினும் லினக்ஸ் பற்றிப் பேச்செடுத்தவுடன் அச்சகத்தார் கேட்கும் முதற் கேள்வி, "போட்டோஷொப் அதில் இயங்குமா?" என்பதாகும். "டெலி இயங்குமா?" என்கிறார் வர்த்தகர். இவற்றுக்கு நேர்மையான பதில், "அவற்றின் லினக்ஸ் பதிப்புகள் இல்லை" என்பதே. உலகின் மிகவேகமான 500 கணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் முறைமையிலேயே இயங்குகின்றன. நம் கையிலுள்ள அன்ட்ரொய்ட் தொலைபேசியின் கருவும் லினக்ஸே. அத்தகைய முறைமையில் திருமண அழைப்பிதழ் ஒன்றை வடிவமைக்க நாம் பழகிய மென்பொருள் இல்லை என்பது விந்தையாகத் தோன்றலாம்.

இதற்குக் காரணம் தொழினுட்பத்தைவிட வர்த்தகமே. மேசைக் கணினிகளில் லினக்ஸ் பயன்படுத்துவோர் நூற்றுக்குச் சிலரே. அவர்களிடையேயும் பல்வேறு பதிப்புகள் புழக்கத்திலுள்ளன. அவை ஒவ்வொன்றுக்கும் மென்பொருளைப் பரிசோதித்து ஆதரவு வழங்க ஆகும் செலவை நிறுவனங்கள் ஏற்க விரும்புவதில்லை. கோரல் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் கோரல் ட்ரோ மென்பொருளின் லினக்ஸ் பதிப்பை வெளியிட்டும் அம்முயற்சி நீடிக்கவில்லை. பயனாளர் குறைவென்பதால் மென்பொருள் வருவதில்லை; மென்பொருள் இல்லையென்பதால் பயனாளர் பெருகுவதில்லை.

தமிழ் அச்சுத் துறைக்கு இன்னுமொரு சிக்கலும் உண்டு. நமது அச்சகங்களில் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவும் பேஜ்மேக்கர் மென்பொருளும் கைகோர்த்து வந்துள்ளன. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டுள்ளன. கணினி அதனைத் தமிழென்று அறியாது. ஒருங்குறியில் அவ்வாறன்று. 'கொ' என்று தட்டும்போது உயிர்க்குறியின் ஒரு பாதி எழுத்துக்கு முன்னும் மறுபாதி பின்னும் சென்று அமர வேண்டும். இதனைச் செய்யும் ஆற்றல் பேஜ்மேக்கருக்கு இருக்கவில்லை. 2001 இல் வெளிவந்த ஏழாம் பதிப்புடன் அதன் வளர்ச்சியும் நின்றது. ஆயினும் பாடசாலை மலர்களும், பள்ளிவாசல் வெளியீடுகளும், ஆலயச் சிறப்பிதழ்களும் அந்தக் கோப்புகளிலேயே முடங்கிக் கிடக்கின்றன.

கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அக்காலத்தில் ஈய எழுத்துகளை வாங்கியவர் அவற்றின் உரிமையாளராகவும் இருந்தார். இன்றைய வடிவமைப்பு மென்பொருளையோ மாதந்தோறும் டொலரில் வாடகை செலுத்தியே பயன்படுத்த வேண்டியுள்ளது. கட்டணம் நின்றால் கருவியும் நின்றுவிடும்.

இவ்விடத்தில் நம்பிக்கையூட்டும் செய்தியும் உண்டு. எழுத்துகளை உரிய வடிவில் கோக்கும் 'ஹர்ஃப்பாஸ்' என்ற திறந்த மூல மென்பொருளில் 'ஹர்ஃப்' என்பது, மத்ரசாவில் ஓதிய எவரும் அறிந்தவாறு, எழுத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லாகும். 'பாஸ்' என்பது திறந்தது எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லாகும். அன்ட்ரொய்ட் தொலைபேசியில் தமிழும் அரபும் பிழையின்றித் தோன்றுவதற்கு இதுவே துணைபுரிகின்றது. பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் மென்பொருளில் இதனை இணைக்கும் பணிக்கு, அரபு மொழியின் தேவை கருதி ஓமான் நாட்டுக் குழுவொன்று பெரும் பங்களிப்பு வழங்கியது. 2024 ஜனவரியில் வெளிவந்த ஸ்கிரைபஸ் 1.6 இல் அதன் பயன் தமிழுக்கும் கிடைத்துள்ளது. அரபு வசனத்தையும் அதன் தமிழ் விளக்கத்தையும் ஒரே பக்கத்தில் அமைக்கும் நமது அச்சகங்களுக்கு இது முக்கியமானதாகும். 2015 முதல் லிப்ரே ஒபிஸ் மென்பொருள் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளையும் திறக்கின்றது. இலங்கையின் ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகையும் லினக்ஸில் உண்டு.

ஆயினும் குறைகள் இல்லையெனக் கூறுவது வாசகரை ஏமாற்றுவதாகும். கிம்ப் மென்பொருள் நான்கு வர்ண அச்சுத் தேவையை இன்னும் முழுமையாக நிறைவு செய்யவில்லை. விண்டோஸ் மென்பொருட்களை லினக்ஸில் இயக்க முயலும் 'வைன்', சிலவற்றை இயக்கும், சிலவற்றை இயக்காது. நமது வரி நடைமுறைகளுக்கேற்ற, தமிழிலும் சிங்களத்திலும் பயன்படுத்தக்கூடிய கணக்கீட்டு மென்பொருளும், இலங்கைத் தமிழ் வழக்கை அறிந்த சொற்பிழை திருத்தியும் பெரிதும் வேண்டப்படுகின்றன. இவற்றை வெளிநாட்டு நிறுவனமொன்று நமக்காகச் செய்து தருமெனக் காத்திருப்பதில் பயனில்லை.

களவுப் பிரதிகள் மலிவாகக் கிடைக்கையில் இக்கவலை எதற்கு எனச் சிலர் கேட்கலாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கின்றது. புலமை உரிமைகள் ஷரீஆவின்படி பேணப்பட வேண்டியவை என, 1988 இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியும் தீர்மானித்துள்ளது. பிள்ளைக்கு நேர்மையைப் போதிக்கும் பாடசாலை, களவுப் பிரதியைக் கொண்டு கணினிப் பாடம் நடத்துவது பொருத்தமன்று.

எனவே சில விடயங்களை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். பாடசாலைகளின் பழைய கணினிகளை ஒதுக்குமுன் அவற்றில் லினக்ஸை நிறுவிப் பரீட்சித்துப் பார்த்தல் வேண்டும். உயர்தர வகுப்பில் கற்பிக்கப்படும் பைதன் மொழியும் திறந்த மூலமே என்பதால் கற்றலுக்குத் தடையேதும் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் தமது செயற்றிட்டங்களுக்கு, நாம் மேலே குறிப்பிட்ட கணக்கீட்டு மென்பொருளையும் சொற்பிழை திருத்தியையும் கருப்பொருளாகக் கொள்ளலாம். பாடசாலைகளுக்குக் கணினி அன்பளிப்புச் செய்யும் தனவந்தர்களும் பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் அத்தொகையில் ஒரு பகுதியை ஆசிரியர் பயிற்சிக்கு ஒதுக்கலாம். அச்சகத்தார் முழுமையாக மாற வேண்டுமென நாம் கோரவில்லை. தமது பழைய கோப்புகளையேனும் ஒருங்குறிக்கு மாற்றிப் பேணுவது அவசியமாகும்.

ஓமானில் அரபுக்காகச் செய்யப்பட்ட பணி கண்டியின் தமிழ் அச்சகத்துக்கு உதவுகின்றது. பேராதனையில் தமிழுக்காகச் செய்யப்படும் பணி நாளை வேறெங்கோ ஒருவருக்கு உதவும். கைக்கெட்டாத மென்பொருட்களுக்காக ஏங்குவதைவிட, அவற்றுள் ஒன்றையாவது நாமே உருவாக்க முற்படுவதே விவேகமாகும்.